மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்ட வாலிபர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் ராஜபாளையம் வந்துவிடும். ஆண்டாள் கோவில் கோபுரம் பின்னால் மறையும். வலது கைப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். பால்கோவாப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு குட்டித் தூக்கம் போடலாம் என்று கண்ணை மூடுவதற்குள், கண்டக்டர் எழுப்பி இறங்கச் சொல்வார்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு இது மாட்டு வண்டிப் பயணம். விருதுநகர்–தென்காசி ரயில் பாதையே 1927-ல்தான் வந்தது. அதற்கு முன்பு வண்டிக்காரர் வைத்ததுதான் நேரம். மாடு நின்றால் பயணம் நின்றது!

இன்று அந்தச் சாலையில் பஸ் ஓடுகிறது. சாலையோரத் தோட்டங்களில் கிணற்று மோட்டார் ஓடுகிறது. பஸ்சும் மோட்டாரும் தமிழ்நாட்டுக்கு எப்படி வந்தன என்று தேடிப் போனால், கோயமுத்தூர்க்காரர் ஒருவரின் பெயரைத் தாண்டிப் போக முடியாது.

அந்த மனிதர் எந்தக் கல்லூரியிலும் படித்தவர் அல்ல. வாலிப வயதில், மூன்று வருடம் ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். வாங்கிய வண்டியில் ஊரைச் சுற்றி வந்து எல்லோரிடமும் காட்டியிருக்கலாம். அவர் செய்த காரியம் வேறு. அதை ஆணி ஆணியாகக் கழற்றிப் போட்டார்!

அவர்தான் ஜி.டி. நாயுடு.

பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை

கோயமுத்தூருக்கு அருகே சூலூர்ப் பக்கம் கலங்கல் என்று ஒரு கிராமம். அங்கே விவசாயியான கோபால்சாமி நாயுடுவுக்கு 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி ஒரு மகன் பிறந்தான். துரைசாமி என்று பெயர் வைத்தார்கள். கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் இறந்துவிட்டார். பையன் மாமன் வீட்டில் வளர்ந்தான்.

தாயில்லாப் பிள்ளை என்று ஊரார் செல்லம் கொடுத்தார்களோ என்னவோ, பள்ளிக்கூடம் மட்டும் அவனுக்கு ஒத்துவரவில்லை. வாத்தியார் முகத்தில் மண்ணை அள்ளி எறிந்துவிட்டு ஓடினான் என்று கொங்கு நாட்டில் இன்றும் சொல்வார்கள். ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு முடிந்தது. பிறகு ஆடு மாடு, தோட்டம், வரப்பு, கமலை.

படிக்காத பையன்தான். ஆனால் எதையும் சும்மா பார்த்துவிட்டுப் போகும் பையன் அல்ல. ஒரு சாமான் கையில் கிடைத்தால், அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியும் வரை விடமாட்டான்.

புழுதியில் வந்த வண்டி

ஒரு நாள் கிராமத்துப் பாதையில் டபடபவென்று சத்தம் கேட்டது. மாடுகள் மிரண்டன. ரெவினியூ இலாகாவைச் சேர்ந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், மாடும் குதிரையும் இல்லாமல் இரண்டே சக்கரத்தில், புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தார். அது 1912-ம் ஆண்டு மாடல் ரட்ஜ் மோட்டார் சைக்கிள்.

வண்டி வழியில் மக்கர் செய்தது என்றும், துடைக்கத் துணியும் மண்ணெண்ணெயும் துரைசாமிதான் ஓடிப்போய் வாங்கி வந்து கொடுத்தார் என்றும், துரை அதைச் சரி செய்யும் வரை கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார் என்றும் அந்தக் கதையைச் சொல்வார்கள். துரை போய்விட்டார். வண்டி வாலிபரின் மனதில் நின்றுவிட்டது.

அதைப் போல ஒன்று வேண்டும். எப்படி வாங்குவது? தோட்டத்து வேலையில் அந்தப் பணம் சேராது. வீட்டில் கேட்டால் அடிதான் விழும்.

துரைசாமி கோயமுத்தூருக்குப் புறப்பட்டார்.

ஓட்டல் வேலை

கையில் படிப்பு இல்லை, தொழில் இல்லை. கிடைத்தது ஓட்டலில் பரிமாறும் வேலை. இலை போடுவது, சாம்பார் ஊற்றுவது, மேஜை துடைப்பது. நாள் முழுவதும் காலில் நிற்க வேண்டும்.

சுமார் மூன்று வருடம் அந்த வேலை பார்த்தார். காசு காசாகச் சேர்த்தார். அந்த வயதில் நாடகம் உண்டு, சந்தை உண்டு, நல்ல சட்டை துணிமணி உண்டு. அவற்றுக்கெல்லாம் போகாத காசு சில நூறு ரூபாயாகத் திரண்டது. அந்தக் காலத்தில் அதை வைத்துக் கொஞ்சம் நிலம் வாங்கலாம். பெரியவர்களைக் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அவர் நேராக மோட்டார் சைக்கிளை வாங்கினார். முன்பு கண்ட அந்த ரட்ஜ் வண்டியே கைக்கு வந்தது.

உள்ளே என்ன இருக்கிறது?

வீட்டில் பழைய கார் என்ஜினையோ ஸ்கூட்டர் என்ஜினையோ பிரித்துப் போட்டுப் பார்க்கும் ஆசை உள்ளவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கை முழுவதும் கிரீசுடன் உட்கார்ந்திருப்பார்கள். சாப்பிடக் கூப்பிட்டால் இதோ வருகிறேன் என்பார்கள், வரமாட்டார்கள். துரைசாமி இறங்கிய வேலையின் கனம் அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.

ரட்ஜ் வண்டி இங்கிலாந்தில் காவென்ட்ரி நகரில் செய்யப்பட்டது. 499 சி.சி. அளவுள்ள ஒற்றை சிலிண்டர். பின்சக்கரத்தை ஓட்டுவது சங்கிலி அல்ல, ஒரு பெல்ட். பெட்ரோல் ஆவி உள்ளே நுழையும் வால்வு சிலிண்டரின் தலையில் இருக்கும். புகை வெளியேறும் வால்வு பக்கத்தில் இருக்கும். மாக்னெட்டோ என்ற காந்தக் கருவி சுழன்று தீப்பொறியைக் கொடுக்கும்.

பார்க்கப் போனால் சின்ன என்ஜின்தான். ஆனால் என்ஜின் என்பது பெட்டி அல்ல, ஒழுங்கு. பிஸ்டன் கீழே இறங்கும்போது ஆவி உள்ளே வர வேண்டும். மேலே ஏறும்போது இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டும். உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பு பொறி தட்ட வேண்டும். வெடித்துக் கீழே இறங்கி, மறுபடி ஏறும்போது புகை வெளியேற வேண்டும். பெரிய தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும்போது வால்வைத் தூக்கும் தண்டு ஒரு சுற்றுத்தான் சுற்ற வேண்டும். இரண்டையும் இணைக்கும் பற்சக்கரத்தில் ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் போதும். எல்லாச் சாமானும் புதிதாக இருந்தாலும் வண்டி கிளம்பாது. கிளம்பினாலும் இருமும், நின்றுவிடும்.

கழற்றுவது பெரிய வித்தை அல்ல. நல்ல ஸ்பானரும் தைரியமும் இருந்தால் அரை நாளில் கழற்றி விடலாம். எது எதற்குப் பின் வந்தது, எந்த வாஷர் எந்த ஆணிக்கு உரியது, எந்தப் பல் எந்தப் பல்லோடு சேர்ந்திருந்தது என்று நினைவில் வைப்பதுதான் வித்தை. அனுபவசாலிகள் ஒரு துணியை விரித்து, கழற்றிய வரிசையிலேயே சாமான்களை அடுக்குவார்கள். பற்சக்கரங்களில் அடையாளம் போடுவார்கள். மண்ணெண்ணெயில் கழுவி, பிஸ்டன் தலையில் படிந்த கரியைச் சுரண்டுவார்கள். வால்வு அதன் இருக்கையில் காற்றுப் புகாமல் உட்காரும்படி எமரி விழுதைத் தடவித் தேய்ப்பார்கள். பிஸ்டன் வளையங்களை உடையாமல் ஏற்றுவார்கள். வார்ப்பிரும்பு வளையம் கொஞ்சம் அதிகமாக விரித்தால் பட்டென்று ஒடிந்துவிடும். கடைசியில் எல்லாவற்றையும் பூட்டி முடித்த பின்பு கையில் ஒரு வாஷர் மிஞ்சினால், வயிற்றைக் கலக்கும்!

இன்று சந்தேகம் வந்தால் கேட்க ஆள் உண்டு; படம் போட்ட புத்தகம் உண்டு; கைப்பேசியில் வீடியோ உண்டு. உடைந்த சாமானுக்கு மாற்றுச் சாமான் உண்டு. துரைசாமி காலத்தில் அந்த வண்டியைப் பற்றித் தமிழில் ஒரு வரி கிடையாது. ஒரு வளையம் ஒடிந்தால் கப்பலில் வர வேண்டும். மூன்று வருட உழைப்பு கண்ணுக்கு முன்னால் துண்டு துண்டாகக் கிடக்கிறது. பூட்டத் தெரியாவிட்டால், அத்தனையும் பழைய இரும்பு.

அவர் பூட்டினார். வண்டி ஓடியது. மறுபடியும் பிரித்தார்; மறுபடியும் பூட்டினார். அந்த ஒற்றை சிலிண்டர்தான் அவருடைய பள்ளிக்கூடம். அங்கே அவர் வாத்தியார் மீது மண்ணை எறியவில்லை.

கொஞ்ச நாளில் மற்றவர்களின் வண்டிகளும் அவரிடம் வரத் தொடங்கின. துரைசாமி மெக்கானிக் ஆனார்.

பஞ்சில் வந்தது, பஞ்சில் போயிற்று

இடையில் ஒரு சறுக்கல். முதல் உலகப் போர்க் காலத்தில் பஞ்சு விலை ஏறியது. துரைசாமி திருப்பூர்ப் பக்கம் பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். லாபம் கொட்டியது. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். பெரிய சந்தையில் பெரிய லாபம் பார்க்கலாம் என்று பம்பாய்க்குப் போனார். அங்கே இருந்ததெல்லாம் போயிற்று. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

பஞ்சு விலையை யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது அல்லவா! தமக்குத் தெரிந்த இயந்திரத்துக்கே அவர் திரும்பி வந்தார்.

கோயமுத்தூரில் அப்போது ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற வெள்ளைக்காரத் தொழிலதிபர் இருந்தார். காப்பி, நூற்பாலை, மோட்டார் வியாபாரம் என்று பல தொழில் செய்தவர். நாயுடு அவருடைய கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். இவருடைய கையையும் மூளையையும் ஸ்டேன்ஸ் கவனித்தார். பஸ் ஒன்று வாங்கிச் சொந்தமாக ஓட்டும்படி யோசனை சொன்னார். பஸ்சின் விலையில் பாதியான நாலாயிரம் ரூபாயைக் கடனாகவும் கொடுத்தார்.

சாட்சிக் கையெழுத்து, ஈடு எல்லாவற்றையும் விட, ஒரு மனிதனின் வேலையைப் பார்த்துக் கொடுத்த கடன் அது. அந்தக் கடன் வீண் போகவில்லை.

பொள்ளாச்சியில் இருந்து பழனிக்கு

1920-ம் ஆண்டில் அந்தப் பஸ் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடத் தொடங்கியது. சுமார் 40 மைல் தூரம். அந்தப் பாதையில் அப்போது ரயில் கிடையாது. பழனி முருகனைத் தரிசிக்கப் போகிறவர்கள் வண்டி கட்டிக்கொண்டு போவார்கள், இல்லாவிட்டால் நடப்பார்கள்.

டிரைவர் நாயுடு. மெக்கானிக்கும் நாயுடு. வண்டி நடுவழியில் நின்றால் அவரே கீழே படுத்துப் பார்ப்பார். என்ஜினின் சத்தம் மாறினாலே எந்த இடத்தில் கோளாறு என்று அவருக்குத் தெரியும். ரட்ஜ் வண்டி கற்றுக்கொடுத்த பாடம்!

ஒன்று இரண்டாயிற்று, இரண்டு பத்தாயிற்று. யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெயரில், சுருக்கமாக யு.எம்.எஸ்., கம்பெனி வளர்ந்தது. 1933-ம் ஆண்டு வாக்கில் இருநூறுக்கும் மேற்பட்ட பஸ்கள் அதில் ஓடின. நாட்டிலேயே மிகத் திறமையாக நடந்த பஸ் கம்பெனிகளில் ஒன்று என்று பெயர் எடுத்தது.

அந்தக் காலத்தில் பல ஊர்களில் பஸ் எப்போது புறப்படும் என்று டிரைவருக்கே தெரியாது. ஆள் நிரம்பினால் புறப்படும்; நிரம்பாவிட்டால் கூவிக்கொண்டு நிற்கும். யு.எம்.எஸ். பஸ் சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டது. நேரம் தவறுவது நாயுடுவுக்குப் பெரிய குற்றம். பஸ் நிலையத்தில் பயணிகளுக்கு வசதிகள் செய்தார். டிக்கெட் கொடுக்க இயந்திரம் செய்தார். பஸ் என்ஜினின் அதிர்வைச் சோதிக்க ஒரு கருவி செய்தார். வண்டி ரிப்பேருக்கு வெளியே போகவில்லை. சொந்தப் பட்டறையிலேயே பிரித்தார்கள், பூட்டினார்கள்.

வாலிபர் தனியாகச் செய்ததை இப்போது ஒரு பட்டறையே செய்தது. படிப்பு இல்லாமல் வந்த பையன்கள் அங்கே தொழில் கற்றார்கள்.

மோட்டார் பிறந்தது

நாயுடு வெளிநாடுகளுக்கும் போனார். ஜெர்மனி அவரை மிகவும் கவர்ந்தது. 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் காமிராவில் படம் பிடித்தார். எந்த ஊருக்குப் போனாலும் கையில் காமிரா, கண்ணில் இயந்திரம். காமிராவையும் அவர் விட்டுவைக்கவில்லை. சினிமா காமிராவில் தூரத்தைச் சரி செய்ய ஒரு கருவி கண்டுபிடித்தார். மிக மெல்லிய சவர பிளேடு செய்தார். பாட்டரியில் ஓடும் சவரக் கருவிக்கு ரசாந்த் என்று பெயர். மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும். சிலவற்றை வேடிக்கை என்றுதான் சொல்ல வேண்டும். சில காலத்துக்கு முந்திப் பிறந்தவை.

ஆனால் நாட்டின் முகத்தை மாற்றிய சாமான், அவற்றை விடச் சாதாரணமாகத் தோன்றுவது. அதுதான் மின்சார மோட்டார்.

1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. கோயமுத்தூருக்கு மின்சாரம் வந்தது. மின்சாரம் வந்தால் போதுமா? அதைச் சக்கரமாகச் சுழற்ற மோட்டார் வேண்டாமா? மோட்டார் எல்லாம் வெளிநாட்டில் இருந்து வந்தது. விலையும் அதிகம், கெட்டுப்போனால் தவிப்பும் அதிகம்.

பீளமேட்டில் நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்சில் மோட்டார் செய்யும் வேலையில் இறங்கினார்கள். 1937-ல் அங்கே மோட்டார் உருவானது. இந்தியாவிலேயே செய்த முதல் மின்சார மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். பாலசுந்தரம் நாயுடு பின்னர் டெக்ஸ்டூல் தொழிற்சாலையை நிறுவி, நூற்பாலை இயந்திரங்களை இங்கேயே செய்தார்.

இதன் பலன் கோயமுத்தூரோடு நிற்கவில்லை. தெற்கே ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். அவர் நாயுடுவுக்கு ஒரு வயது இளையவர். கரிசல் காட்டுப் பருத்தி ஊரிலேயே நூலாகத் தொடங்கியது. 1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் வந்தது. அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்துக் கிணறுகளிலும் காலப்போக்கில் கமலை நின்று மோட்டார் ஓடத் தொடங்கியது. அந்தத் தேவைக்கெல்லாம் மோட்டாரும் பம்பும் செய்து அனுப்பும் ஊராகக் கோயமுத்தூர் வளர்ந்தது. மாடு பூட்டிக் கமலை இறைத்த கலங்கல் கிராமத்துப் பையன், அந்தக் கமலையை நிறுத்தியவர்களில் ஒருவரானார்.

1941-ல் ஐந்து வால்வு ரேடியோப் பெட்டியை 70 ரூபாய்க்குக் கொடுக்க முடியும் என்று செய்து காட்டினார். ரேடியோ என்பது பணக்காரர் வீட்டுக் கூடத்தில் மட்டும் இருந்த காலம் அது.

இத்தனை வருடம் படிப்பு எதற்கு?

படிக்காதவர் படிப்பைப் பழிப்பார் என்று நினைப்போம். நாயுடு அப்படி அல்ல. அவர் வீட்டில் புத்தகங்கள் குவிந்திருந்தன. ஆனால் கையில் எண்ணெய் படாத என்ஜினீயர் படிப்பு அவருக்குப் புரியவே இல்லை.

1945-ல் கோயமுத்தூரில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக், ஆர்தர் ஹோப் என்ஜினீயரிங் கல்லூரி ஆகியவை தோன்றக் காரணமாக இருந்தார். ஆர்தர் ஹோப் அன்றைய சென்னை மாகாண கவர்னர். கல்லூரியின் பிரின்சிபால் பொறுப்பையும் நாயுடுவே ஏற்றார். ஆரம்பப் பள்ளியைத் தாண்டாதவர் என்ஜினீயரிங் கல்லூரிக்குப் பிரின்சிபால்! வேறு எங்கே நடக்கும்?

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. நாலு வருடப் படிப்பு வீண். அதைப் பாதியாகக் குறைத்துப் பட்டறையிலேயே கற்றுக் கொடுக்கலாம் என்றார் நாயுடு. அரசாங்கம் ஒப்பவில்லை. நாயுடுவும் விட்டுக்கொடுக்கவில்லை. பொறுப்பில் இருந்து விலகினார். அங்கே முளைத்த கல்லூரிதான் பிற்காலத்தில் கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது.

யார் பக்கம் நியாயம்? நாயுடுவிடம் அசாத்தியமான மூளை இருந்தது. எல்லா மாணவர்களும் நாயுடு அல்ல. ஒரு பாலத்தைப் பிரித்துப் பார்த்துக் கற்க முடியாது, கணக்கு வேண்டும். அது அரசாங்கத்தின் பக்கம். ஆனால் பட்டம் வாங்கிய பின்பும் ஒரு பம்பைக் கழற்றிப் பூட்டத் தெரியாமல் விழிக்கும் பிள்ளைகளைப் பார்த்த பெற்றோருக்கு நாயுடுவின் கோபம் நன்றாகப் புரியும்.

இரண்டாயிரம் ரூபாய்க்குக் கார்

1952-ல் நாயுடு ஒரு கார் செய்தார். இரண்டு பேர் உட்காரலாம். பெட்ரோல் என்ஜின். விலை 2,000 ரூபாய்!

அன்றைக்கு விற்ற மற்றக் கார்களின் விலையில் அது சிறு பங்குதான். சைக்கிளில் போகும் குமாஸ்தாவும் வாத்தியாரும் கூட ஒரு நாள் கார் வாங்கலாம் என்று கனவு காணக்கூடிய விலை. ஒரு லட்சம் ரூபாய்க் கார் என்று டாட்டா கம்பெனி நானோ காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது 2009-ல். அதற்கு 57 வருடங்களுக்கு முன்பே இந்த யோசனை கோயமுத்தூரில் சக்கரம் கட்டி நின்றது.

ஆனால் கார் தொழில் செய்ய அரசாங்க லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் கிடைக்கவில்லை. உற்பத்தி நின்றது.

அந்த நாளின் நிலைமையையும் சொல்ல வேண்டும். சுதந்திரம் வந்து ஐந்தே வருடம். அன்னியச் செலாவணி பற்றாக்குறை. யார் கார் செய்யலாம், யார் செய்யக் கூடாது என்று டெல்லியில் முடிவு செய்தார்கள். இங்கே கார்களை இணைத்து விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸ், போர்டு போன்ற பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகளே அந்தக் காலக் கட்டத்தில் கடையைக் கட்டிக்கொண்டு போயின. பட்டறையில் ஒரு கார் செய்வது வேறு. வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் செய்வது வேறு என்று அதிகாரிகள் நினைத்திருந்தால், அதை முழுத் தவறு என்று தள்ள முடியாது. ஆனாலும் செய்து பார்க்க ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கலாம். ஒரு வாலிபரை நம்பி நாலாயிரம் ரூபாய் கொடுக்க வெள்ளைக்காரர் ஒருவருக்கு மனம் வந்தது. கிழவராகி, இருநூறு பஸ் ஓட்டி, மோட்டார் செய்து காட்டிய பிறகு அதே மனிதரை நம்பச் சொந்த நாட்டின் பைல்களுக்கு மனம் வரவில்லை.

வரி விஷயத்திலும் அரசாங்கத்தோடு அவருக்குத் தகராறு. தொழில் செய்து சம்பாதிப்பதை எல்லாம் வரி விழுங்குகிறது என்று குமுறினார். அந்தக் குமுறலில் அவர் செய்த காரியம் கோயமுத்தூரையே திடுக்கிட வைத்தது. தாம் கண்டுபிடித்துச் செய்த பொருள்களை மக்கள் முன்னிலையில் உடைத்தார்.

வாழ்நாள் முழுவதும் கழற்றியதை எல்லாம் பூட்டிய கை அது. ஒரு திருகாணியைக் கூட எறியாத மனிதர். அவர் சம்மட்டியை எடுப்பதென்றால், உள்ளே எவ்வளவு வெந்திருக்க வேண்டும்! இருந்தாலும் உடைத்தது சரியில்லை என்று அவருடைய நண்பர்களே வருந்தினார்கள். வரிச் சட்டம் அதனால் மாறவும் இல்லை.

தோட்டத்திலும் அதே கை

இயந்திரத்தில் கிடைத்த கசப்பை அவர் மண்ணில் ஆற்றிக்கொண்டார் போலும். பருத்தி, பப்பாளி, சோளம் என்று பயிர்களில் சோதனை செய்தார். ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்த பருத்திச் செடிகளைப் பார்க்க வெளியூர்களில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். அறிவியலில் நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. ராமன் நாயுடுவின் திறமையை மனம் திறந்து பாராட்டியவர்.

கோயமுத்தூர் அவிநாசி சாலையில் கோபால் பாக் அவருடைய இல்லம். வசதி பெருகியும் உடையில் ஆடம்பரம் இல்லை. யாராவது பார்க்க வந்தால், வந்த காரியத்தை உடனே சொல்ல வேண்டும். பஸ் விட்ட காலத்துக் கடிகாரம் கடைசி வரை அவரை விடவில்லை.

தாம் சேர்த்த இயந்திரங்களையும் பொருள்களையும் பொது மக்கள் பார்க்கும்படி கண்காட்சியாக வைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அப்பாவிடம் உதை வாங்கிய பிள்ளைகளும் இருந்திருப்பார்கள்!

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி ஜி.டி. நாயுடு காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

அவர் பெயரில் உள்ள கண்காட்சி அவிநாசி சாலையில் இருக்கிறது. அவருடைய குடும்பத்தாரின் ஜீடி கார் அருங்காட்சியகமும் அதே சாலையில் 2015-ல் திறக்கப்பட்டது. அந்தச் சாலைக்கு மேலேயே சுமார் 10 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மேம்பாலம் கட்டி 2025 அக்டோபரில் திறந்தார்கள். அதற்கும் ஜி.டி. நாயுடு பெயர்தான் வைத்திருக்கிறார்கள். மேலே கார்கள் பறக்கின்றன. கீழே, அந்தச் சாலையை விட்டுச் சந்துகளில் திரும்பினால், லேத் பட்டறைகளில் பையன்கள் மோட்டாரைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.